நின்று நின்று ஓடும் வண்டி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம்ம விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அகல் விளக்கு ஏற்றிப் போக செகண்ட்ஹேண்ட் டீசல் பிக்கப் வாங்குகிறவர்கள் உண்டு. கார்த்திகை நெருங்கும் நேரத்தில் அது சரக்கோடு நடுரோட்டில் நின்றால் அந்த வருஷ வியாபாரமே போச்சு. அரை மணி கழித்துச் சாவியைத் திருகினால், ஒன்றும் நடக்காத மாதிரி கிளம்பும்! ஒர்க்‌ஷாப்பில் சமர்த்தாக ஓடும். "பம்ப்பை மாத்திடுங்க சார்" என்பார்கள். அவசரப்படாதீர்கள். (பம்ப் விலையைக் கேட்டால் நமக்குத்தான் மூச்சு நிற்கும்.)

நின்ற இடத்திலேயே டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால், மூடியின் காற்றுத் துளையைத் தூசி அடைத்திருக்கிறது. டீசல் குறையக் குறைய உள்ளே காற்றழுத்தம் குறைந்து, டீசல் வராமல் இன்ஜின் நிற்கிறது. சும்மா நிற்கும்போது காற்று மெல்லப் புகுந்து சரியாகிவிடும். அரை மணி ரகசியம் இதுதான்.

சத்தம் வரவில்லையா? ஃபில்டர் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, டீசல் குழாய் இணைப்பில் காற்று புகுகிறதா பாருங்கள். புது மாடல்களில் கிராங்க் சென்சார் சூட்டில் செயலிழந்து, ஆறியதும் வேலை செய்வதும் உண்டு. ஆகவே எத்தனை கிலோமீட்டரில் நின்றது, டேங்கில் எவ்வளவு இருந்தது என்று டிரைவர் ஒரு நோட்டில் குறிக்கட்டும். சூளைக்கு மணிக்கு மணி டெம்பரேச்சர் எழுதுகிற நம்ம ஊரில் இதென்ன கஷ்டமா?