கம்ப்ரசர் மலையேறினால்

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் வரும் சாலையில் பஞ்சர் கடை எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் வாசலில் ஒரு கம்ப்ரசர் தடதடத்துக்கொண்டிருக்கும். இரண்டு ஊரும் கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம்தான். அதே கம்ப்ரசரை லாரியில் ஏற்றி ஊட்டிக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதுதான் இன்றைய பேச்சு.

எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர் கடலூரிலிருந்து ஊட்டிக்குக் குடிபெயர்ந்தார். போன வேகத்தில் போன் செய்தார். "சார், டேங்க் நிரம்பவே மாட்டேங்குது. ரிங் மாத்திட்டேன், வால்வு மாத்திட்டேன். ஹெட்டுல கை வைக்க முடியல, அவ்வளவு சூடு." மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை. மாறியது காற்றுதான்.

நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றுக்கு எடை உண்டு. கடற்கரையில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தை அது ஒரு கிலோவுக்குச் சற்று மேலான எடையோடு அழுத்துகிறது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அந்த எடை 800 கிராமைத் தொடாது. அழுத்தம் குறைந்தால் காற்று விரிந்து லேசாகிவிடும். ஒரே வெப்பநிலையில் நிறுத்துப் பார்த்தால், கடலூரில் ஒரு கன மீட்டர் காற்று 1.2 கிலோ, ஊட்டியில் 900 கிராம் சொச்சம்.

பிஸ்டனுக்கு எடை தெரியாது, அதற்குத் தெரிந்தது இடம் மட்டும்தான். கீழே இறங்கும்போது சிலிண்டர் கொள்ளும் அளவு காற்றை இழுக்கும். அந்தக் காற்றிலேயே சரக்கு குறைவு என்றால் பிஸ்டன் என்ன செய்யும்?

சிதம்பரத்தில் மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கும்போது இதை நான் கண்முன்னே காட்டுவேன். மலை வேண்டியதில்லை, ஒரு தகடு போதும். கம்ப்ரசர் ஓடும்போது காற்று உள்ளே போகும் பில்டர் வாயைத் தகட்டால் பாதிக்கு மேல் மூடுவேன். 'உஸ்' என்ற சத்தம் மெலிந்து கீச்சிடும். கேஜ் முள் நத்தையாய் நகரும். ஸ்டாப் வாட்சோடு நிற்கும் பிள்ளைகள் முள்ளையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். உள்ளே நுழையும் காற்றின் அழுத்தம் குறைந்துவிட்டது; ஊட்டியிலும் நடப்பது இதுதான். நேயர்களே, வீட்டில் இதைச் செய்து பார்க்காதீர்கள், ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கை போகக் கூடாது.

சூடு எங்கிருந்து வந்தது? கேஜ் காட்டும் 7 பார் என்பது வெளிக்காற்றுக்கு மேல் 7. கடலூரில் காற்றை ஏறக்குறைய 8 மடங்கு நெருக்கினால் அது கிடைக்கும். ஊட்டியில் 10 மடங்கு நெருக்க வேண்டும். 3,500 மீட்டர் உயரத்து லே நகரில் 12 மடங்கை நெருங்கும். நெருக்க நெருக்கக் காற்று கொதிக்கும், ஆயில் கருகும், வால்வில் கார்பன் படியும். கடலூரில் 10 நிமிடத்தில் நிரம்பும் டேங்க், ஊட்டியில் 13 நிமிடமாவது எடுக்கும்.

டீசலில் ஓடும் கம்ப்ரசருக்கு இரட்டைச் சுமை. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகள் இந்தக் கம்ப்ரசரோடுதான் இந்தியா முழுக்கப் போகின்றன. மேட்டு நிலத்தில் கம்ப்ரசரோடு சேர்ந்து என்ஜினுக்கும் மூச்சு முட்டும். டர்போ இருந்தால் என்ஜின் ஓரளவு சமாளிக்கும். கடலூர் துறைமுகத்து ஐஸ் பிளான்ட்டிலும் கம்ப்ரசர் இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். அது அம்மோனியாவை மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றவிடுவது. வெளிக்காற்றை இழுப்பதில்லை, அதனால் இந்தத் தொல்லை அதற்கு இல்லை.

பட்டறைக்காரருக்கு நான் சொன்னது இதுதான்: "பெயின்ட் ஸ்பிரேக்கு 5 பார் தாராளம். கட்-ஆஃபை 7-லிருந்து 5-க்கு இறக்குங்க. ஹெட்டுக்குக் காத்தோட்டம் விடுங்க." சூடு தணிந்தது, வேலையும் நடந்தது. 7 பார் கட்டாயம் வேண்டும் என்றால் பெரிய மெஷின்தான் வாங்க வேண்டும்.

நேரம் நெருங்கிவிட்டது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று மலையில் தொழில் தொடங்கப்போகும் நேயர்களே, பெயர்ப் பலகையில் இருக்கும் காற்றின் அளவு பெரும்பாலும் கடல் மட்டத்துக் கணக்கு. ஊரின் உயரத்தைக் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லி, அதற்கேற்ற மெஷினைக் கேட்டு வாங்குங்கள்.