நிலப்படமும் சொற்படமும்



நிலப்படம் வழி காட்டுதற்பொருட்டு வரையப்படுவது. ஆயினும் வழி தேடாதவரும் அதனை விரித்து வைத்து நெடும்பொழுது நோக்கியிருத்தலைக் காண்கிறோம். கதை நூலின் முகப்பில் படம் ஒன்று இருப்பின், படிப்பவர் விரல் முதலில் அதன்மேல்தான் ஊர்கிறது. பயனைக் கடந்த இவ்வீர்ப்புக்குக் காரணம் யாது?

முதற்கண் ஒரு நூலின் வரலாறு. 1881ஆம் ஆண்டுக் கோடையில், ஸ்காட்லாந்து நாட்டுப் பிரேமார் என்னும் ஊரில் தங்கியிருந்த ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன், தம் மனைவியின் மகனான சிறுவனோடு பொழுது போக்குகையில் ஒரு தீவின் படம் வரைந்து வண்ணம் தீட்டினார். அப்படத்தைப் பார்க்கப் பார்க்க அதன் காடுகளிடையே மாந்தர் நடமாடத் தொடங்கினர் என்று பின்னாளில் அவரே எழுதியுள்ளார். அவ்வாறு பிறந்த ‘புதையல் தீவு’ 1883இல் நூலாயிற்று. பதிப்பகத்துக்கு அனுப்பிய முதற்படமோ வழியில் தொலைந்து போயிற்று. கதையிலுள்ள குறிப்புகளைத் திரட்டி, தம் தந்தையாரின் அலுவலகத்தில் அவர் வேறொரு படம் வரைவிக்க நேர்ந்தது. அது தமக்குப் புதையல் தீவாகத் தோன்றவேயில்லை என்பது அவருடைய வருத்தம். படத்திலிருந்து கதை பிறந்தது. கதையிலிருந்து அந்தப் படம் மீண்டும் பிறக்கவில்லை. வெற்றிடம் விட்டு வைத்த படமே கற்பனைக்கு இடம் தருகிறது என்பது இதனாற் புலனாகும்.

ஓவியத்துக்கு வருவோம். 17ஆம் நூற்றாண்டு ஆலந்து நாட்டு ஓவியர் வெர்மீர், ‘ஓவியக் கலை’ என்னும் தம் படைப்பின் பின்சுவரில் பெரியதொரு நிலப்படத்தைத் தொங்கவிட்டுள்ளார். நெதர்லாந்தின் 17 மாகாணங்களையும் ஒன்றாகக் காட்டும் படம் அது. ஆனால் 1648ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி வடபகுதி தனிக் குடியரசாகவும் தென்பகுதி ஸ்பெயினின் ஆட்சிக்கு உட்பட்டும் பிரிந்துவிட்டன. ஓவியம் தோன்றியதோ அதற்குப் பின்னர். சுவரிலுள்ள அப்படத்தின் நடுவே செங்குத்தாக ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது. அது பிரிவினையைக் குறிப்பது என்று கருதுவாரும் உளர். எவ்வாறாயினும், இல்லாமற்போன நாடொன்று சுவரில் தாளாக எஞ்சி நிற்கும் காட்சி உள்ளத்தைத் தொடுகிறது.

நிலப்படத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. 1802இல் வில்லியம் லாம்டன் என்பார் சென்னையை அடுத்த பரங்கிமலைப் பகுதியில், ஏழு மைலுக்கு மேற்பட்ட அடிக்கோட்டினைச் சங்கிலியால் அளந்து நாட்டளவைப் பணியைத் தொடங்கினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு ஏற்றுகையில் கயிறு அறுந்து, அரை டன் எடைக்கு மேற்பட்ட அவருடைய அளவைக் கருவி சுவரில் மோதிச் சிதைந்தது; அதனை அவரே செப்பனிட்டுப் பணியைத் தொடர்ந்தார். இவ்விடாமுயற்சி போற்றத்தக்கதே. எனினும் சங்கிலி இழுத்தும் கொடி பிடித்தும் காட்டுக் காய்ச்சலில் மாண்ட தொழிலாளர் பெயர் எப்படத்திலும் இல்லை. உலகின் உயர்ந்த சிகரத்தின் உயரத்தைக் கணித்தவருள் முதன்மையானவர் வங்கத்து இராதாநாத் சிக்தார். திபெத்தியர் அதனைச் சோமோலுங்மா என்றழைத்து வந்தனர். 1865இல் அதற்குச் சூட்டப்பட்டதோ ஜார்ஜ் எவரெஸ்டின் பெயர். வரைபவர் கையிலேயே பெயரிடும் உரிமையும் இருந்தது.

இந்நிலையில் நம் ஆற்றுப்படை நூல்களை மீண்டும் எண்ணிப் பார்த்தல் தகும். பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வது அவற்றின் அமைப்பு. சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என ஊர்களை நிலத்தோடும் உணவோடும் சேர்த்தே காட்டுகிறது. 583 அடிகளையுடைய மலைபடுகடாமோ நன்னனது நாட்டுக்குச் செல்லும் கூத்தர்க்குப் பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் குழி, கால் வழுக்கும் பாறை, புனங்காப்போர் எறியும் கவண்கல் ஆகிய அனைத்தையும் முன்கூட்டி எச்சரிக்கிறது. எவ்வூரில் எவர் எதனை உண்ணத் தருவர் என்பதையும் உரைக்கிறது. கோட்டுப் படம் தொலைவைச் சொல்லும். இச்சொற்படம் அத்தொலைவை நடப்பவனின் பசியையும் அச்சத்தையும் அறிந்து சொல்கிறது. வழி கேட்பவன் வறியவன் என்பதை அது ஒருகணமும் மறப்பதில்லை.

பழைய படத்தில் ஏரியாக இருந்த இடம் புதிய படத்தில் மனைப்பிரிவாக மாறுகிறது. சிற்றூரின் பெயர் நெடுஞ்சாலையின் எண்ணுக்குள் மறைகிறது. இன்று கையகலக் கருவியே திரும்ப வேண்டிய தெருவைக் குரல் கொடுத்துச் சொல்கிறது; அங்கு வாழ்ந்தவர் யார் என்பதை அது சொல்வதில்லை. அதைச் சொல்லும் கடமை கவிஞருடையது. பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்துக் கவிஞர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் குளத்தையும் ஒற்றையடிப் பாதையையும் அவற்றின் பெயர் மறையுமுன் சொல்லில் வரைந்து வைப்பாராயின், பின் வருவோர்க்கு அதுவே ஆற்றுப்படையாகும்.