பாவனையும் அதன் பயனும்

(வையம்பட்டியில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் 'பாவனை' என்பது. மெய்யான செயலில் இறங்குமுன், அதன் சூழ்நிலையை ஒத்த ஒரு சூழ்நிலையை நாமே அமைத்து, அதில் செய்து பார்த்துத் தேர்ச்சி பெறுவதே பாவனை. நாடகம் அரங்கேறுமுன் ஒத்திகை உண்டு. புதுத் தேருக்கு வெள்ளோட்டம் உண்டு. சிலம்பம் பழகுவோன் முதலில் தன் ஆசானோடுதான் கம்பு சுழற்றுகிறான். இவையெல்லாம் பாவனையே. இதன் பெரும்பயன் யாதெனின், இங்கே விழுந்தால் எழுந்து கொள்ளலாம். மெய்க்களத்தில் விழுந்தால் இழப்பு பெரிது.

இதற்குச் சிறந்த சான்று தொலைவில் இல்லை. காவிரிக்கு அப்பால் நாமக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. சந்திரயான் விண்கலம் நிலவில் இறங்க வேண்டும். அதற்கு ஒத்திகை பார்க்க நிலவு மண் வேண்டுமே, எங்கே போவது? நிலவின் மேட்டு நிலத்தில் உள்ள அனார்த்தசைட் என்னும் பாறை, சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களில் கிடைத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழக மண்ணியல் அறிஞர்கள் துணைநின்றனர். பாறையைப் பொடித்து, நிலவு மண்ணைப் போலவே ஆக்கி, பெங்களூரில் பரப்பினார்கள். எளிதாகக் கிடைக்கிறதே என்று ஆற்று மணலைப் பரப்பியிருந்தால் அந்த ஒத்திகையால் பயன் விளைந்திராது. பாவனை எவ்வளவுக்கு உண்மையை ஒத்திருக்கிறதோ, அவ்வளவுக்கே அது கற்பிக்கும்.

ஆயினும் 2019 செப்டம்பரில் சந்திரயான் 2இன் இறங்குகலம் நிலவில் மோதிச் சிதைந்தது. ஒத்திகை முழு உண்மை ஆகாது என்பதை அது உணர்த்திற்று. அறிஞர்கள் சோர்ந்துவிடவில்லை. எங்கெங்கே தவறு நேரக்கூடும் என்று எண்ணி எண்ணிப் புதிய சோதனைகளை வகுத்தனர். கலத்தின் கால்களை அந்தச் செயற்கை மண்ணின்மேல் பலவாறாக இறக்கிப் பார்த்தனர். 2023 ஆகஸ்டு 23இல் சந்திரயான் 3 நலமே இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் அவர்கள்.

தோழர்களே, பாவனை வேறு, போலி வேறு. வாக்குச்சாவடியில் வாக்குப்பதிவு தொடங்குமுன், முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 மாதிரி வாக்குகள் இட்டு, எண்ணிச் சரிபார்த்து, அவற்றை அழித்த பின்னரே உண்மை வாக்குப்பதிவு தொடங்குகிறது. இது பாவனை, உண்மைக்கு வழிவிட்டு விலகிவிடுகிறது. ஆனால் மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் நம்மவர்க்கு ஒதுக்கப்பட்டபோது நடந்தது என்ன? தேர்தலே நடவாமற் போயிற்று. நடந்தாலும், பெயரளவில் வென்றவர் உடனே பதவி விலகினார். இது போலி, உண்மையின் இடத்தைத் தானே பிடித்துக்கொண்டது. 2006இல்தான் அங்கு மெய்யான தேர்தல் நடந்து, நம்மவர் தலைவராய் அமர்ந்தனர்.

இனி நமக்கு வருவோம். படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு வீடே ஒத்திகை மேடை. அலுவலகப் பேச்சைக் கேட்டே அது வளர்கிறது. நம் பிள்ளையோ நேர்முகத் தேர்வன்றுதான் அத்தகைய அறைக்குள் முதன்முறையாகக் காலடி வைக்கிறது. அங்கே அதன் நா தடுமாறினால், அது அறிவின் குறையன்று, பழக்கத்தின் குறை. ஒத்திகைக்கு வாய்ப்பற்றவர்க்கே ஒத்திகை மிகுதியும் வேண்டும்.

ஆகவே, ஞாயிறுதோறும் நம் சங்கத்திலேயே ஒரு மேசையும் மூன்று நாற்காலிகளும் போடுவோம். ஓய்வுபெற்ற ஆசிரியரும் இரயில்வே ஊழியரும் கேள்வி கேட்கட்டும். இரக்கப்பட்டு எளிய கேள்வி கேட்க வேண்டா. அது ஆற்று மணல். 'உன் ஊர் எது, தெரு எது' என்று குத்தும் கேள்வியையும் கேட்கட்டும். நிமிர்ந்து விடை சொல்ல அங்கேயே பழகட்டும். கடிகாரம் வைத்துத் தேர்வு எழுதட்டும். ஆண்டுக்கு 6 முறை கூடும் கிராம சபைக்கும் ஒத்திகை பார்ப்போம்: வரவு செலவைப் படிக்கச் சொல்வது எப்படி, தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதச் செய்வது எப்படி என்று நம் பெண்களும் பேசிப் பழகட்டும்.

ஒத்திகையிலேயே நின்றுவிடலாகாது. பழகியவர் களத்தில் இறங்க வேண்டும். இறங்கியவர் திரும்பி வந்து, அங்கே கண்டதை அடுத்தவர்க்குச் சொல்ல வேண்டும். அப்பொழுதுதான் நம் ஒத்திகை ஆண்டுக்காண்டு உண்மையை நெருங்கும்.