வீட்டிலேயே தொழில்: வீட்டு ஆட்களிடம் சொல்ல வேண்டியது



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. "குழுக் கூட்டத்துல பேசுற மாதிரியே பேசு, போதும்"னு எங்க ஊக்குநர் அக்கா சொல்லிட்டாங்க. வீட்டிலிருந்து தொழில் செய்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். கடன் எப்படி வாங்குவது, கணக்கு எப்படி எழுதுவது என்றெல்லாம் பயிற்சியில் நிறையச் சொல்லியாச்சு. மிஷின் வீட்டில் வந்து இறங்கின மறுநாளிலிருந்து வீட்டு ஆளுகளோட எப்படிப் பேசுறதுன்னு மட்டும் யாரும் சொல்லித் தரல. அதனால் நான் அதைப் பேசுறேன்.

நான் பத்தாவது வரை படித்தவள். குழுவில் 30,000 ரூபாய் உள்கடன் வாங்கி, மோட்டார் வைத்த தையல் மிஷினும் பழைய ஓவர்லாக் மிஷின் ஒன்றும் வாங்கினேன். மாசம் 3,000 அசல், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, பத்து மாசத் தவணை. ஜாக்கெட், சுடிதார், பாவாடை சட்டை தைக்கிறேன். சேலைக்கு ஃபால்ஸ் வைத்துக் கொடுக்கிறேன்.

எங்க தெருவில் மில்லுக்குப் போகிற பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். காலையில் ஆறு மணிக்கு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போயிடும். அவள் மில்லுக்குள் இருக்கும்போது யாரும் போன் போட்டு "ரேஷன் கடைக்குப் போயிட்டு வா"ன்னு சொல்றதில்லை. நான் அவளை விட அதிக நேரம் வேலை செய்கிற நாளும் உண்டு. ஆனால் என் மிஷினுக்கும் அடுப்புக்கும் நடுவில் எட்டு அடிதான் தூரம். அதனால் என்னைப் பார்க்கிற எல்லாருக்கும் நான் சும்மா இருக்கிறவள். கேஸ் சிலிண்டர் வந்தாலும் நான், பிள்ளை பள்ளிக்கூடத்தில் கையெழுத்து என்றாலும் நான், பக்கத்து வீட்டு வடகத்துக்குக் காவலும் நான்தான்.

ஒரு பயிற்சியில் ஒரு மேடம் சொன்னார்கள். 2019-ல் மத்திய அரசு நாடு முழுக்க ஒரு கணக்கு எடுத்ததாம், யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று. சம்பளம் இல்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்கிற பெண் அப்போது ஒரு நாளைக்கு 299 நிமிஷம் செலவழித்தாளாம். ஆண் 97 நிமிஷம். அதுவும் வீட்டு வேலையைத் தொடுகிற ஆண்களை மட்டும் எடுத்துப் பார்த்தால்தான் அந்த 97. 299 நிமிஷம் என்றால் அஞ்சு மணி நேரம். இதற்கு மேலேதான் நம்ம தொழில்.

தையல் தெரியாதவங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தைக்கும்போது எழுந்து போனால் கூடப் பரவாயில்லை, விட்ட இடத்திலிருந்து ஓட்டிக்கலாம். வெட்டும்போது எழுந்திருக்கக் கூடாது. ஜாக்கெட்டுக்குத் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர்தான் இருக்கும். அதற்குள் முன்பக்கம், முதுகு, கை, பட்டி எல்லாம் வர வேண்டும். லைனிங் துணியோடு சேர்த்துப் போட்டு, அளவு ஜாக்கெட்டை வைத்து, சாக்பீஸில் வரைந்து, கழுத்து வளைவில் கத்திரி வைக்கும்போது மூச்சைக் கூடப் பிடித்துக்கொள்வோம். சேலையோடு சேர்ந்து வந்த ஜாக்கெட் துணி என்றால் அதே மாதிரி வேறு துணி கடையில் கிடைக்காது.

எனக்கு அப்படி ஒரு நாள் ஆனது. வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரப் பையன் விளையாட்டாக ஓடி வந்து துணியை இழுத்துவிட்டான். கத்திரி முன்பக்கத்தில் நாலு விரல் அளவுக்கு ஓடிவிட்டது. கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சேலையின் துணி. முன்பக்கத்தைக் கைத்துணியிலிருந்து எடுத்து, கைக்கு வேறு பட்டுத் துணி வாங்கிப் பொருத்திக் கொடுத்தேன். கூலியும் போச்சு, மேலே 400 ரூபாயும் போச்சு. பிள்ளையோட அம்மா, "சின்னப் பிள்ளைதானே"ன்னு ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். சின்னப் பிள்ளைதான், இல்லைன்னு சொல்லல. 400 ரூபாய் என்னுடையது.

அதற்குப் பிறகுதான் எங்க குழுப் பழக்கத்தை வீட்டிலும் செய்தேன். எதையும் எழுதி வைத்தால்தானே கணக்கு? மகளோட பழைய நோட்டில் ஏழு நாள், காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை, மிஷினை விட்டு எத்தனை தடவை எழுந்தேன், யாருக்காக, எதற்காக என்று எழுதினேன். ஒரு நாள் 17 தடவை. குறைந்த நாளில் 11. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அதை எங்க வீட்டுக்காரருக்கும் அத்தைக்கும் வாசித்துக் காட்டினேன். கோபமாக வாசிக்கவில்லை, கூட்டத்தில் தீர்மானம் வாசிக்கிற மாதிரி வாசித்தேன்.

அத்தைக்கு முகம் மாறிவிட்டது. "அப்ப நான் ஒரு வாய் தண்ணி கேக்கக் கூடாதா?"ன்னு கேட்டாங்க. அவங்க சொல்வதும் நியாயம்தான். முட்டி வலியோடு இருக்கிறவங்க. நான் சொன்னேன்: "அத்தை, பிரஷர் மாத்திரைக்கும், உடம்புக்கு முடியலைன்னாலும் எந்த நேரமும் கூப்பிடுங்க, துணிய அப்படியே போட்டுட்டு வருவேன். தண்ணியும் டீயும் உங்க பக்கத்துலயே வெச்சிடுறேன். பத்துலேருந்து ஒரு மணி மட்டும் என்னைய விட்ருங்க." இப்போது ஒரு சொம்பும் ஃபிளாஸ்கும் அவங்க கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கு. தையல் மிஷின் இருக்கிற மூலைக்கு ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டினேன். திரை மூடியிருந்தால் வெட்டுகிறேன், திறந்திருந்தால் தைக்கிறேன். பிள்ளைகள் ரெண்டே நாளில் பழகிவிட்டார்கள். பெரியவங்களுக்கு மூணு வாரம் ஆச்சு.

இப்போது வாசலில் யார் வந்தாலும் அத்தையே, "அவ வெட்டிக்கிட்டு இருக்கா, செத்த நேரம் உக்காரு"ன்னு சொல்றாங்க. சில பேரை உட்காரக்கூட விடுறதில்லை.

இதையெல்லாம் விடக் கஷ்டம், சொந்தக்காரங்க ஓசித் தையல். எங்க பெரிய நாத்தனார் ஒவ்வொரு ஆடிக்கும் நாலு ஜாக்கெட் துணி கொண்டு வருவாங்க. லைனிங், நூல், ஊக்கு எல்லாம் என்னுடையது. ஒரு லைனிங் ஜாக்கெட்டுக்கு நான் 250 ரூபாய் வாங்குகிறேன். நாலுக்கு ஆயிரம். சரியாக மாச அசலில் மூணில் ஒரு பங்கு. போன வருஷம் சொன்னேன்: "மதினி, தீபாவளிக்கு ஒரு ஜாக்கெட் என் முறையா நானே தைச்சுத் தர்றேன், லைனிங் உள்பட. மத்ததுக்குக் கூலி குடுங்க, இது குழுக்கடன்ல வாங்குன மிஷினு." அவங்க துணியை எடுத்துக்கொண்டு போயிட்டாங்க. ரெண்டு மாசம் பேசவில்லை. எங்க வீட்டுக்காரரிடம், "உம் பொண்டாட்டி எங்கிட்டயே கடை நடத்துறா"ன்னு சொல்லியிருக்காங்க. அவருக்கும் எனக்கும் அதில் சண்டை. தீபாவளிக்கு நான் சொன்னபடி ஒரு ஜாக்கெட் தைத்து அவங்க வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். முன்னே மாதிரி இல்லை, ஆனால் பேசுகிறார்கள். இப்போதும் கூலி கொடுத்துத் தைக்க அவங்க என்கிட்ட வருவதில்லை, டவுன்ல கொடுக்கிறாங்க. இருக்கட்டும்.

எங்க வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். டீசலுக்கு அவசரம் என்றால் மிஷின் டிராயரில் கை வைப்பார், திருப்பி வைக்க மறந்துவிடுவார். "உங்களுக்குத் தர மாட்டேன்"னு நான் சொல்லியிருந்தால் வீடு ரெண்டாகியிருக்கும். "அஞ்சாம் தேதி குழுவுல கேப்பாங்க, நோட்டுல ஏறலைன்னா எல்லார் முன்னாடியும் பதில் சொல்லணும்"னு சொன்னேன். அக்காமாரே, குழு நமக்குக் கடன் மட்டுமா கொடுக்கிறது? இல்லைன்னு சொல்ல ஒரு காரணமும் கொடுக்கிறது. தைரியமாகக் குழு மேலே பழியைப் போடுங்கள். குழு தாங்கும்.

இன்னொரு விஷயம். தையல் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்து அட்டை வாங்கிவிட்டேன். பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை இருக்கிறது என்றுதான் பதிந்தேன். ஆனால் அந்த அட்டையில் என் படத்தோடு தொழிலாளி என்று போட்டிருந்ததை வீட்டில் எல்லாரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். தைக்கிறவங்க இன்னும் பதியாமல் இருந்தால் இந்த மாசமே பதியுங்கள்.

நான் சொல்வது எல்லா வீட்டுக்கும் செல்லாது என்று எனக்குத் தெரியும். குடித்துவிட்டு வந்து மிஷினை எட்டி உதைக்கிற வீட்டில் நோட்டு வாசித்தால் அடிதான் விழும். அங்கே 181-க்குப் போன் பண்ணுங்கள், ராத்திரியும் எடுப்பார்கள். குழுவில் நம்பகமான ஒருத்தரிடமாவது சொல்லி வையுங்கள். ஒரே அறை வீட்டில் திரை கட்டவும் இடமிருக்காது. அவர்களுக்காகக் கூட்டமைப்பிடம் ஒன்று கேட்கிறேன். நம்ம குழுக் கட்டிடம் கூட்டம் நடக்காத நாளில் பூட்டித்தான் கிடக்கிறது. பகலில் திறந்து விட்டால் நாலைந்து பேர் மிஷின் போட்டுத் தைக்கலாம். மின்சாரக் கட்டணத்தை அவர்களே பிரித்துக் கட்டிவிடுவார்கள். இதை அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக வைக்க வேண்டும்.

கடைசியாக, என் குழு உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி எட்டரை மணிக்கு ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, "காலையில வேணும், நீ வீட்லதானே இருக்க"ன்னு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். சிரிக்காதீர்கள், பேர் சொல்லிவிடுவேன். ஆறு மணிக்குள் வாருங்கள்.