எவ்வளவு இருந்தால் போதும்?

(எமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டம் முடிந்து வத்தேகமப் புகையிரத நிலையத்தை நோக்கி நாம் நடந்துகொண்டிருந்தபோது, எமது சங்கத்து வாலிபர் ஒருவர் எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, ஐம்பது வயதில் வேலையை விட்டுவிட்டு நிம்மதியாக இருக்க மாதம் எவ்வளவு வருமானம் வேண்டும்?" கூட வந்த பெரியவர் சிரித்துவிட்டு, "தம்பி, எழுபது வயசாகியும் எங்களுக்கே அந்தக் கணக்குச் சரிவரவில்லை" என்றார். கேள்வியும் நியாயமானது, சிரிப்பும் நியாயமானது. ஆதலால் அதனையே இன்றைய விஷயமாக எடுத்துக்கொண்டோம்.

முதலில் ஒன்று சொல்வோம். இந்தக் கணக்கை வருமானத்திலிருந்து தொடங்குவது தவறு. செலவிலிருந்து தொடங்க வேண்டும். மாதம் இரண்டு இலட்சம் சம்பாதித்து இரண்டு இலட்சத்தையும் செலவழிப்பவருக்கு எந்த வயதிலும் ஓய்வில்லை. எனவே, வீட்டுக்குப் போனதும் ஒரு கொப்பியை எடுத்து மூன்று மாதச் செலவை எழுதுங்கள். அரிசி, மா, மருந்து, மின்சாரம், பஸ் காசு, கோயில் வரி, கலியாண வீட்டு மொய் எல்லாம் அதில் வரவேண்டும்.

உதாரணமாக ஒரு குடும்பத்துக்கு மாதம் 40,000 ரூபா செலவென்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 4,80,000 ரூபா. 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் தமது நாட்டுப் பழைய கணக்குகளை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார். முதல் வருடம் சேமிப்பில் நூற்றுக்கு 4 வீதம் எடுத்து, பிறகு விலையேற்றத்துக்குத் தக அத்தொகையைக் கூட்டிக்கொண்டு போனால், 30 வருடங்களுக்குப் பணம் தாங்கும் என்பதே அது. அதாவது ஒரு வருடச் செலவைப்போல் 25 மடங்கு வேண்டும். எமது உதாரணத்தில் ஒரு கோடி 20 இலட்சம். ஐம்பதிலேயே இளைப்பாறுபவருக்கு 30 வருடம் போதாமற் போகலாம். அவர் நூற்றுக்கு 3 வீதம் எடுப்பதே புத்தி. அப்போது ஒரு கோடி 60 இலட்சம் வேண்டும்.

அதுவும் அமெரிக்கக் கணக்கு. எமது நாட்டில் 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைவாசி ஒரே வருடத்தில் நூற்றுக்கு 69.8 வீதம் ஏறியதை நாம் மறக்கவில்லை. 40,000 ரூபாவில் நடந்த வீட்டுக்கு 68,000 ரூபா வேண்டியதாயிற்று. வட்டியை நம்பலாமா? 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திறைசேரி உண்டியல்களுக்கு நூற்றுக்கு 25க்கு மேல் வட்டி கிடைத்தது. 2024 முடிவில் அது 10க்கும் கீழே இறங்கிவிட்டது. உயர்ந்த வட்டியைக் கண்டு வாழ்க்கையைத் திட்டமிடுபவர் ஏமாறுவார்.

இனி எமது தோட்டப்புறத்துக் கணக்கைப் பார்ப்போம். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் மாதம் 25 நாள் வேலை செய்தால் 33,750 ரூபா. 1958ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் தோட்டம் 12 வீதமும் கட்டவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் 3 வீதம் கட்டவேண்டும். பணிக்கொடை வருடத்துக்கு 14 நாட்சம்பளம். வட்டியும் விலையேற்றமும் ஒன்றுக்கொன்று சரியென்று வைத்து, 30 வருடத்துக்குக் கூட்டினால் ஏறக்குறைய 33 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா வரும். அதில் 4 வீதம் எடுத்தால் மாதம் 11,200 ரூபா. கணவன் மனைவி இருவரும் உழைத்த வீடானால் 22,400 ரூபா. 40,000க்கு இது எட்டாது. உண்மையை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட நாம் விரும்பவில்லை.

ஆனால், இந்தப் பணமாவது கையில் நிற்கிறதா? எமக்குத் தெரிந்த ஒருவர் 55 வயதில் சேமலாப நிதியை எடுத்தார். ஒரு பங்கு மகள் கலியாணத்துக்கு, ஒரு பங்கு மகனுக்கு ஆட்டோ வாங்க, மிச்சம் பழைய கடனுக்கு. மூன்றாம் வருடம் அவர் கைக்காசு வேலைக்கு மலையேறினார். முப்பது வருட உழைப்பு மூன்று வருடத்தில் முடிந்தது. அவரை நாம் குறை கூறவில்லை. பிள்ளைகளுக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்வார்? ஆயினும் அந்தப் பணம் அவருடைய முதுமையின் சோறு என்பதைப் பிள்ளைகளாகிய நாமல்லவா நினைத்திருக்க வேண்டும்!

ஆதலால் மூன்று யோசனைகள் சொல்வோம்.

ஒன்று, சொந்த வீடு. லயத்துக் காம்பிரா எமக்குச் சொந்தமல்ல. ஓய்வுக்கு முன் ஒரு துண்டுக் காணியும் அதில் ஒரு வீடும் இருந்தால், வாடகை என்ற செலவு கொப்பியில் ஏறாது. காணியில் நாலு மிளகுக் கொடியும் மரக்கறிப் பாத்தியும் இருந்தால் செலவு இன்னும் இறங்கும்.

இரண்டு, சேமலாப நிதியை ஆண்கள் 55இலும் பெண்கள் 50இலும் எடுக்கலாம் என்பதனால், அப்போதே எடுத்துச் செலவழிக்க வேண்டும் என்பதில்லை. 2021ஆம் ஆண்டின் சட்டப்படி பொதுவாக 60 வயதுக்கு முன் வயதைக் காட்டித் தொழிலாளரை வேலையிலிருந்து நிறுத்த முடியாது. உடம்பு இடங்கொடுத்தால் அந்த இடைக்காலத்தில் நிதியைத் தொடாமல் விடுங்கள்.

மூன்று, வாலிபர்களுக்கு. கொழும்பிலோ கண்டியிலோ முதற்சம்பளம் வாங்கும் மாதமே தொடங்குங்கள். விலையேற்றம் போக 3 வீதம் வட்டி நின்றால், மாதம் 5,000 ரூபா 30 வருடத்தில் இன்றைய மதிப்பில் 29 இலட்சமாகும். பத்து வருடம் தாமதித்தால் 16 இலட்சந்தான்.

கேள்வி கேட்ட தம்பிக்கு எமது விடை இது: போதுமான தொகை உமது கொப்பியில் இருக்கிறது. ஆனால் உமது தாய் தந்தையரின் கொப்பியை முதலில் எழுதும். அவர்கள் இளைப்பாறிய பிறகே உமது இளைப்பாறுதல் நிம்மதியாகும்.