துளசித் தண்ணீரும் தூக்கமில்லாத இரவும்

(பழைய மாணவிகள் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



துளசி பற்றிப் பேசச் சொன்னார்கள். தெஹிவளை விஷ்ணு கோயிலில் தீர்த்தமாக வாங்கியவர்களும் இங்கே இருக்கிறீர்கள். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வீடுகளில் இருமலுக்குக் குடித்தவர்களும் இருக்கிறீர்கள். சிங்களத் தோழிகள் இதை மதுருதலா என்பார்கள். இப்போது வெளிநாட்டுக் கடைகளில் 'மனஅழுத்தம் தீர்க்கும் தேநீர்' என்று பெட்டியில் விற்கிறார்கள்.

தீர்க்குமா? 2022இல் அவுஸ்திரேலியாவில் 100 பேரை வைத்து எட்டு வாரம் ஓர் ஆய்வு நடந்தது. துளசிச் சாறெடுத்த குளிகையை எடுத்தவர்களுக்கு மனஅழுத்தம் குறைந்தது, தூக்கமும் சற்று நன்றானது. ஆனால் அது அளந்து கொடுத்த குளிகை. நாங்கள் பத்து இலையைக் கொதிக்கவைத்துப் பனங்கட்டியோடு குடிப்பது அதே வேலையைச் செய்யும் என்று சொல்லிவிட முடியாது. நானும் பின்னேரத்தில் குடிக்கிறேன். பாதி சுகம் அந்தக் கால்மணி நேரம் சும்மா இருப்பதில்தான் என்று நினைக்கிறேன்!

சீனி வியாதிக்கு மருந்து எடுப்பவர்கள், இரத்தம் உறையாமலிருக்க வோபரின் எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் வைத்தியரிடம் கேட்காமல் நாளாந்தம் குடிக்க வேண்டாம். பிரஷர் குளிசையை நிறுத்திவிட்டு இதைக் குடிப்பது பெரும் பிழை.

எனக்குக் கவலை வேறொன்று. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, பிள்ளைகள் வெளிநாடு போனபின் வெள்ளவத்தை மாடிவீட்டில் தனியே இருந்தாள். தொலைபேசியில் எப்போது கேட்டாலும், "எனக்கு ஒன்றுமில்லையடி, துளசித் தண்ணி குடிக்கிறன்" என்பாள். நாங்களும் நம்பினோம். அவள் மாதக்கணக்காக நித்திரையில்லாமல், சமைக்காமல் இருந்தது பிறகுதான் தெரியவந்தது. மனநல வைத்தியரிடம் அழைத்துப் போனோம். இன்று முன்வரிசையில் இருக்கிறாள். அவள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு மேல் நித்திரையும் பசியும் இல்லையென்றால் வைத்தியரைப் பாருங்கள். இலங்கையில் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தில் தமிழிலும் பேசலாம். கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் குடும்ப வைத்தியரிடம் வெட்கமில்லாமல் சொல்லுங்கள்.

வாசலில் துளசிக் கன்றுகள் வைத்திருக்கிறோம், ஆளுக்கொன்று எடுத்துப்போங்கள். பல்கனியில் வெயில் படும் பக்கமாக வையுங்கள். கதிர் வந்தால் கிள்ளிவிடுங்கள், இலை பெருகும். பக்கத்து மாடியில் இருக்கும் பழைய மாணவிக்கும் ஒன்று கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுத்துவிட்டு உடனே திரும்பாமல், கொஞ்சநேரம் இருந்து கதையுங்கள்.