சோதித்தாயிற்று, சேதி எங்கே?

(காத்தான்குடியில் நிகழ்த்திய உரை)



கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஓரிரவில் வருவதன்று. வைரசு தொற்றிக் கலங்கள் மாறி, புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேற்படும். இத்தனை அவகாசம் தரும் பகைவனிடமும் நம் தாய்மார் தோற்பானேன்?

இலங்கையில் 1996இல் சுகவனிதையர் கிளினிக்குகள் தொடங்கப்பெற்றன. 35 வயதினருக்கு வகுத்த சோதனை பின்னர் 45 வயதினருக்கும் விரிந்தது. 2017 முதல் ஆறாந் தரச் சிறுமியருக்குத் தடுப்பூசியும் வந்தது. திட்டத்திற்குக் குறைவில்லை.

மாதிரி எடுப்பது சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனை. அதனைப் பரிசோதிப்பது ஆய்வுகூடம். ஐயமிருப்பின் மேற்சோதனை செய்வது வைத்தியசாலை. பெண்ணின் வீட்டுவாசலை அறிந்தவரோ குடும்பநல மாது. நால்வரும் தத்தம் கடமையைச் செவ்வனே செய்யலாம். ஆயினும் ஒருவர் முடித்ததை மற்றவர் அறியாவிடில் அறிக்கை கோவையில் உறங்கும். நோய் உறங்காது!

படுவான்கரை விவசாயிக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை. உன்னிச்சைக் குளம் நிறைந்திருந்தென்ன? துருசு திறந்த செய்தியறிந்து, முறைவைத்து நீர் பாய்ச்சுவிக்கும் வட்டவிதானை இல்லையேல் கடைசி வயல் காயும். சோதனைத் திட்டத்தின் வட்டவிதானை யார்?

முகவரியில் ஆளில்லை என்பார் சிலர். காத்தான்குடியில் அச்சாக்குச் செல்லாது. மணமகன் பெண்வீடு புகும் ஊர் இது. பெண்ணின் வீடு எளிதில் மாறுவதில்லை. எழுதிக்கொடுத்த தொலைபேசி எண் கணவனுடையதாகவோ மகனுடையதாகவோ இருக்கலாம் என்பதே மெய்யான இடர். ஆகவே, முடிவை யார் மூலம், எவ்விதம் அறிய விரும்புகிறார் என்று மாதிரி எடுக்கும் அன்றே அப்பெண்ணிடம் கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும்.

நாம் கோருவது புதிய கட்டடமன்று. பணிமனைப் பதிவேடு, ஆய்வுகூடச் சீட்டு, வைத்தியசாலை ஏடு மூன்றிலும் ஒரே இலக்கம் இருக்கட்டும். மாதந்தோறும் அவற்றை அருகருகே வைத்து, அனுப்பியவை எத்தனை, திரும்பியவை எத்தனை, மேற்சோதனைக்கு வந்தோர் எத்தனை என்று எண்ண ஒருவர் பொறுப்பேற்கட்டும். வராதவர் வீட்டிற்கு மாது மறுவாரமே செல்லட்டும். கையில் தமிழில் எழுதிய சீட்டுடன்.

2030க்குள் நூற்றுக்கு 70 பெண்களைச் சோதிப்பதுடன், நோய் கண்டோரில் 90 பேருக்குச் சிகிச்சையளிக்கவும் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் இலக்கு வகுத்தது. முதல் எண்ணிக்கை கிளினிக்கில் எட்டப்படும். இரண்டாவதோ அலுவலகங்களுக்கிடையே செல்லும் கடிதத்தில் தொங்கி நிற்கிறது. மாவட்டக் கூட்டங்களில் நெல்விலையும் பாதையும் கேட்கும் நம் பிரதிநிதிகள், திரும்பாத அறிக்கைகளின் கணக்கையும் இனிக் கேட்கட்டும்.